பொருள் எண் நாற்பத்தொன்று

உப்பளமேடு நகராட்சி மன்றத்தில் அறுபத்து மூன்று பொருள்களை எட்டே நிமிஷத்தில் நிறைவேற்றி முடிப்பார்கள். நம்ப மாட்டீர்கள், நேரில் பார்த்தவர்களே கைக்கடிகாரத்தை இரண்டு தரம் பார்த்துக்கொண்டது உண்டு. தலைவர் எத்திராஜுலு மேசைமணியை ஒரு தட்டுத் தட்டுவார். "ஒன்னுலேர்ந்து அறுவத்திமூணு வரைக்கும் ஆல் பாஸ்" என்பார். எதிர்க்கட்சிக்காரர்கள் ஒன்பது பேரும் எழுந்து, வழக்கப்படி இரண்டு வார்த்தை கத்திவிட்டு, வெளிநடப்பு செய்து வராந்தாவில் டீ குடிக்கப் போவார்கள். மற்றவர்கள் இடது கையால் மேசையைத் தட்டுவார்கள். வலது கையில் மசால்வடை இருக்குமே. அஜெண்டா என்று நாற்பது பக்கக் கத்தை ஒன்றைக் காலையிலேயே கையில் கொடுத்துவிடுவார்கள். அதைப் படித்த உறுப்பினர் எவரும் உண்டா என்று கேட்காதீர்கள். வடையின் எண்ணெயை அது நன்றாக உறிஞ்சும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

அப்படித்தான் இரண்டாயிரத்து ஒன்பது புரட்டாசிக் கூட்டத்தில் பொருள் எண் நாற்பத்தொன்றும் பாஸ் ஆகிவிட்டது. நாற்பதாவது ஒரு சிறுபாலம். நாற்பத்திரண்டாவது தெருநாய் பிடிக்க வண்டி. நடுவில் இது: எண்ணூர் போகும் சாலையை ஒட்டிய பழைய குப்பை மேட்டில் நகராட்சியே சொந்தமாகச் சூரிய மின்பண்ணை போடுவது, பாதிப் பணம் மானியம், மீதி ஏழு கோடியைப் பதினைந்து வருஷக் கடனாக வாங்குவது, வீட்டுவரி வசூலை அதற்கு ஈடாக எழுதிக் கொடுப்பது. அப்போதிருந்த ஆணையர் சின்ன வயசுக்காரர். கள்ளத்தனம் எதுவும் செய்யவில்லை. அச்சடித்து, எண் போட்டு, கையிலேயே கொடுத்தார். கொடுத்ததை வடைக்கு அடியில் வைத்தால் அவர் என்ன செய்வார், பாவம்.

பத்து நாள் கழித்துப் பேப்பரில் செய்தி வந்த அன்றுதான் தலைவருக்கே விஷயம் தெரிந்தது. மனுஷன் ஆடிப்போய்விட்டார். அந்தக் குப்பை மேட்டைக் கண்டெய்னர் யார்டுக்கு முப்பது வருஷக் குத்தகைக்கு விடுவதாக ஒரு பார்ட்டிக்கு வாக்குக் கொடுத்து, வாக்குக்கு உண்டான மரியாதையையும் வாங்கி பீரோவில் வைத்தாகிவிட்டது. தன் கையால் மணியடித்துத் தன் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். ஆணையரை ஒரே வாரத்தில் தெற்கே எங்கேயோ மாற்றினார்கள். ஆனால் ஆணையரை மாற்றுகிற மாதிரி தீர்மானத்தை மாற்ற முடியாது. மூன்று மாசத்துக்குள் ஒரு தீர்மானத்தை ரத்து செய்வதென்றால், அதற்கென்றே தனிக் கூட்டம் போட்டு, மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் ரத்துக்கு ஓட்டுப் போட வேண்டும். ஆற அமர மூன்று மாசம் கழித்துச் செய்யலாம் என்றால், கடன் பத்திரத்தில் கையெழுத்துக்கு மார்கழியில் நாள் குறித்தாகிவிட்டது.

மொத்தம் இருபத்து நான்கு வார்டு. பன்னிரண்டு ஓட்டு வேண்டும். தலைவர் பக்கம் பதினைந்து பேர். அதில் ஒருவர் மாலை போட்டு மலைக்குப் போயிருந்தார், ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். மிச்சம் பதின்மூன்று. தேவைக்கு மேல் ஒன்று. தலைவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தண்டையார்பேட்டையில் மைத்துனர் குடோனில் பிரியாணி போட்டு அத்தனை பேரையும் கூப்பிட்டார். அத்தனை பேர் என்றால், அவரையும் சேர்த்து ஆண் கவுன்சிலர்கள் எட்டு பேர், பெண் கவுன்சிலர்களின் புருஷன்மார் ஐந்து பேர். பதின்மூன்று பேரும் கை கழுவினார்கள், பதின்மூன்று பேரும் தலையாட்டினார்கள். பதின்மூன்று ஓட்டு வந்துவிட்டது என்று தலைவர் நிம்மதியாக ஏப்பம் விட்டார். வேறு எங்கேயாவது இப்படிக் கணக்குப் போடுவார்களா தெரியாது. உப்பளமேட்டில் அப்படித்தான் போடுவார்கள்.

ஒன்பதாவது வார்டு ரமாபாய் அந்த ஐந்து பெண்களில் ஒருத்தி. தனித்தொகுதி, அதுவும் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டதால் அவள் புருஷன் குணசேகரன் வேறு வழியில்லாமல் அவளை நிற்க வைத்தான். போஸ்டரில் அவள் படம் தபால்தலை அளவு. கும்பிட்ட கையோடு அவன் படம் ஆள் உயரம். ஜெயித்த பிறகும் ஊரில் கவுன்சிலர் என்றால் அவன்தான், அவள் 'கவுன்சிலரம்மா'. மன்றத்தில் ஒவ்வொரு பெண் உறுப்பினரின் நாற்காலிக்குப் பின்னாலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். புருஷன் அதில் உட்கார்ந்து முதுகில் தட்டுவான், இவள் கை தூக்குவாள். மூன்று வருஷம் ரமாபாயும் தூக்கினாள். மற்ற நேரம் குடிசைமாற்று வாரிய வீட்டு முதல் மாடியில் மோட்டார் மிஷினில் ஸ்கூல் யூனிஃபார்ம் தைத்தாள். தைத்த வெள்ளைச் சட்டையை ஜன்னலோரம் வைத்தால் அரை மணியில் அனல்மின் நிலையப் புகைபோக்கிச் சாம்பல் வந்து உட்காரும். ஊருக்கெல்லாம் வெளிச்சம், நமக்குச் சாம்பல் என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு. அந்த வெளிச்சமும் தினம் இரண்டு மணி நேரம் இல்லை.

திங்கட்கிழமை அந்த இரண்டு மணி நேரத்தில்தான், மிஷின் நின்றுபோய் அவள் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது, குணசேகரன் விஷயத்தைச் சொன்னான்.

"தலைவருக்கு வார்த்த குடுத்துட்டு வந்துகீறேன். பொதங்கெழம மீட்டிங்கி. போறே, கைய தூக்குறே, வர்றே. அவ்ளோதான் மேட்ரு."

"இன்னாத்துக்கு தூக்கணும்?"

"அந்த சோலார் கடன ரத்து பண்ணத்தான். போன தபா நீயும்தான் பாஸ் பண்ணிகீறே."

ரமாபாய்க்கு ஊசி விரலில் ஏறியது. "நானா? எப்போ?"

"வட துன்னுகினு இருந்தியே, அப்போ." அவன் சிரித்தான். "உனுக்கு அதெல்லாம் இன்னாத்துக்கு? சொன்னத செய்யி. கால்வா தூர் வார்ற காண்ட்ராக்ட்டு நமக்குத்தான்னு சொல்லிட்டாரு. அத்த நம்பித்தான டிப்பரு எடுத்துகீறேன்."

டிப்பர் கீழேதான் நின்றது. பழைய வண்டி, புது பெயிண்ட். ஃபைனான்ஸ்காரன் மாசா மாசம் அஞ்சாம் தேதி வந்து நிற்பான். அவள் கை தூக்காவிட்டால் காண்ட்ராக்ட் போகும். காண்ட்ராக்ட் போனால் வண்டி போகும். அது அவளுக்கு நன்றாகப் புரிந்தது. புரியாதது மற்றதுதான். தன் வாயில் வடை இருந்தபோது தன் பெயரால் ஏழு கோடி கடன் வாங்க முடிவெடுத்திருக்கிறார்கள், இப்போது தன் பெயராலேயே வேண்டாம் என்றும் சொல்லப் போகிறார்கள். இரண்டும் இன்னது என்று அவளுக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. வெட்கம் கொஞ்ச நேரத்தில் கோபமாக மாறியது.

மறுநாள் யாருக்கோ பிறப்புச் சான்றிதழ் வாங்குகிற சாக்கில் நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். மன்றப் பிரிவில் மலர்க்கொடி என்று ஓர் உதவியாளர். அஜெண்டாவை டைப் அடிப்பவள் அவள்தான். பதினோரு வருஷமாக அடித்ததை யாரும் வந்து கேட்டதில்லை.

"நாப்பத்தொன்னு வேணும்மா" என்றாள் ரமாபாய்.

மலர்க்கொடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மூன்று பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தாள். நாலாவதாக ஒரு பக்கம், விதிப் புத்தகத்திலிருந்து. "இத்தயும் படிங்க மேடம். ஒரு மெம்பர் கேட்டா, பேர் கூப்ட்டுத்தான் ஓட்டு எடுக்கணும். வாயத் தொறந்து சொல்றது மெம்பரா இருக்கணும். மின்னாடி வரியில கீது பாருங்க." மேடம் என்று அவளை அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

ரமாபாய் அதை மூன்று தரம் படித்தாள். தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் நகராட்சி கட்டும் மின்கட்டணம் மாசம் ஆறு லட்சத்துக்கு மேல். பண்ணையில் பகலில் விளைவதை மின்வாரியத்துக்குக் கொடுத்தால் அந்தக் கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள். கடனுக்கு மாசத் தவணை ஏழு லட்சம். ஒரு லட்சம் கூடத்தான். அந்த இடத்தில்தான் அவள் நின்று நின்று யோசித்தாள். பிறகு ராத்திரிச் சோற்றுக்கு அரிசி களையும்போது சட்டென்று பிடிபட்டது. தவணை பதினைந்து வருஷத்தில் முடிந்துவிடும். பில் எந்தக் காலத்திலும் முடியாது.

பில் என்றால் என்ன என்பது ஒன்பதாவது வார்டுக்குத் தெரியும். ஆவணியில் நகராட்சி பாக்கி வைத்ததில் மின்வாரியம் அவர்கள் தெருவிளக்கு இணைப்பைப் பதினெட்டு நாள் துண்டித்திருந்தது. பத்தாம் நாள், இருட்டில் பின்னால் வந்த கண்டெய்னர் லாரி எதிர்வீட்டு மரியம் அக்காவின் பாதத்தில் ஏறியது. மீன் கூடையோடு நடந்தே பிழைத்தவள், இப்போது வாசலில் உட்கார்ந்து பூண்டு உரிக்கிறாள். அப்போது ரமாபாய் தலைவரிடம் ஓடினாள். துட்டு இல்லம்மா, பொறுத்துக்கோ என்றார். ஊரில் அரசல்புரசலாகப் பேசிக்கொண்டபடி குப்பை மேட்டில் யார்டு வந்தால் அந்த லாரிகள் தினம் முந்நூறு வரும், அவள் தெரு வழியாக.

"நான் தூக்க மாட்டேன்" என்றாள் குணசேகரனிடம், தட்டை வைத்துவிட்டு.

அவன் முதலில் சிரித்தான். அப்புறம் கெஞ்சினான். "இந்தா மே, ராத்திரி எரியிற லைட்டுக்குப் பகல்ல அடிக்கிற வெயிலு எப்டி ஆவும்? எவனோ எழுதிக் குடுத்துகீறான், நீ நம்பிகினு."

"பகல்ல நாம குடுக்குறத ராத்திரி அவன் குடுக்குறான். கைமாத்துதான. உனுக்குத் தெரியாத கைமாத்தா?"

"கடன் மே அது. ஏழு கோடி."

"டிப்பர இன்னா ரொக்கமா வாங்கினியா?"

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "என் மானத்த வாங்காத. நாளைக்கி பின்னாடிதான் குந்துவேன். தட்டுவேன். தூக்குறே." பேசித் தீருகிற கட்டம் தாண்டிவிட்டது என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது.

புதன்கிழமை நல்ல மழை. கூட்டத்துக்குப் பார்வையாளர் பெஞ்சில் வழக்கமாக நாலு ஒப்பந்தக்காரர்கள் இருப்பார்கள். அன்றைக்கு ஒன்பதாவது வார்டுப் பெண்கள் இருபது பேர் ஈரப் புடவையோடு வந்து நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மரியம் அக்காவை ஆட்டோவில் வைத்துக் கூட்டிவந்திருந்தார்கள். எதிர்க்கட்சி அலி அக்பர், குடையைச் சுருக்கியபடி, "இன்னாம்மா, மன்றத்துல கல்யாணமா?" என்று ரமாபாயைக் கேட்டார்.

"குந்திப் பாருங்க பாய். இன்னிக்கு வெளிநடப்பு மட்டும் பண்ணிடாதீங்க."

பொறுப்பு ஆணையர் தீர்மானத்தைப் படித்தார். ஒரே ஒரு பொருள். தலைவர் மணியைத் தட்டி, "ரத்து தீர்மானம் ஆல் பாஸ்" என்றார்.

ரமாபாயின் முதுகில் இரண்டு தட்டு விழுந்தது. அவள் எழுந்து நின்றாள். மூன்று வருஷத்தில் அந்த ஹாலில் அவள் எழுந்து நின்றது அதுதான் முதல் தரம்.

"பேர் கூப்ட்டு ஓட்டு எடுங்க தலைவரே. விதியில கீது."

"இன்னாம்மா புதுசா? குந்து."

"மொதல்ல பின்னாடி குந்திகினு கீறவங்க எந்த வார்டு மெம்பருன்னு கேட்டுச் சொல்லுங்க. மெம்பர் இல்லன்னா பெஞ்சிக்குப் போவச் சொல்லுங்க."

எதிர்க்கட்சி வரிசையில் அலி அக்பர் மேசையைத் தட்டிச் சிரித்தார். பார்வையாளர் பெஞ்சிலிருந்து ஒரு கிழவி, "எழுந்துரு நைனா, சொல்றாங்கல்ல" என்றாள். பொறுப்பு ஆணையர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார், தலைவர் முகத்தைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். கடைசியில் ஐந்து புருஷன்மாரும் ஐந்து பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்து பெஞ்சுக்குப் போனார்கள். குணசேகரன் கடைசியாகப் போனான், அவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே.

தலைவர் தந்திரம் தெரிந்தவர். குரலைத் தேனாக்கினார். "தங்கச்சி, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். சாம்பல் கொட்டுற ஊரு இது. கண்ணாடித் தகட்ட கொண்டாந்து போட்டா ஒரு வாரத்துல கறுத்துப் பூடும். அப்புறம் வெயிலும் வராது, கரண்ட்டும் வராது. கடன் மட்டும் நிக்கும்."

"கழுவுவோம்" என்றாள் ரமாபாய். "எங்க துணிய கழுவுறோம், எங்க சோத்துப் பானைய கழுவுறோம், புள்ளைங்க மூக்கக் கழுவுறோம். இருவது வருசமா அத்தத்தான பண்ணிகினு கீறோம். தகடு நாலு கழுவ மாட்டமா?"

பெஞ்சில் இருந்த இருபது பெண்களும் கைதட்டினார்கள். தலைவர் மணியை மூன்று தரம் தட்டியும் நிற்கவில்லை. சரி, எடுங்கய்யா ஓட்டை என்றார். பதின்மூன்றில் ஒன்று போனால் பன்னிரண்டு, அது போதும் என்ற தைரியம்.

வார்டு ஒன்று, தலைவர்: ரத்து செய்யலாம். இரண்டு, மூன்று. எதிர்க்கட்சிக்காரர்கள் தங்கள் முறை வந்தபோது கூடாது என்றார்கள். ஒன்பது என்றார் ஆணையர். "ரத்து பண்ணக் கூடாது" என்றாள் ரமாபாய். பெஞ்சுப் பக்கம் அவள் பார்க்கவில்லை. மூன்று வருஷச் சம்பாத்தியம், டிப்பர், கட்சிப் பதவி எல்லாம் அந்த மூன்று வார்த்தையில் போய்விட்டது என்று தெரிந்தேதான் சொன்னாள். பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. பதினான்காம் வார்டு அம்மாள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்துவிட்டு ரத்து என்றாள். பதினெட்டும் அப்படியே, பத்தொன்பதும் அப்படியே. மலர்க்கொடி தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். இருபத்தொன்று முடிந்தபோது ரத்துக்குப் பத்து. மிச்சம் மூன்று வார்டில் இரண்டு தலைவருடையது. தலைவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்து மடித்து வைத்தார். தோற்றுவிட்டோம் என்றுதான் ரமாபாய் நினைத்தாள்.

"வார்டு இருபத்திரண்டு, திருமதி சிவந்தி."

சிவந்தி ரமாபாய்க்கு அடுத்த நாற்காலிக்காரி. இருபத்தாறு வயசு. ஒவ்வொரு கூட்டத்திலும் பக்கத்தில் உட்காருவாள், வடையில் பாதியைப் பிள்ளைக்கு என்று முந்தானையில் முடிவாள், போவாள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக்கூட அவள் புருஷன்தான் போடுவான். அந்தப் புருஷன் இப்போது பெஞ்சிலிருந்து கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினான்.

சிவந்தி எழுந்தாள். பெஞ்சைப் பார்த்தாள், பிறகு ரமாபாயைப் பார்த்தாள்.

"ரத்தா, கூடாதா? சொல்லுங்கம்மா" என்றார் ஆணையர்.

"எனுக்கு இன்னா ஏதுன்னு எங்க வூட்ல யாரும் சொல்லல சார்" என்றாள். முதலில் குரல் மேசைக்கு அப்பால் எட்டவில்லை. "இந்தக்கா இப்ப சொன்னதுதான் எனுக்குத் தெரியும். இதுதான் புரியுது. ரத்து வாணாம்."

பார்வையாளர் பக்கம் பெஞ்சு நகர்ந்த சத்தம் கேட்டது. இருபத்து மூன்று அலி அக்பர், கூடாது. இருபத்து நான்கு, ரத்து. மலர்க்கொடி கோடுகளை எண்ணினாள். யாரும் கேட்காமலே எழுந்து நின்று, "ரத்துக்குப் பதினொன்னு சார். பன்னெண்டு வேணும். தீர்மானம் தோத்துப் போச்சு" என்றாள். பதினோரு வருஷத்தில் அவள் அந்த ஹாலில் பேசியதும் அன்றைக்குத்தான்.

எத்திராஜுலு உடனே எழவில்லை. மேசை மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு ரமாபாயைப் பார்த்தார். 'தங்கச்சி' என்று கூப்பிட்டதெல்லாம் போய்விட்டது. "பதினஞ்சு வருசம். நானும் இருக்க மாட்டேன், நீயும் இந்தச் சீட்ல இருக்க மாட்டே. எவன் கட்டுவான் இத்த?"

"நாங்க கட்டுவோம். ஊருக்கெல்லாம் கரண்ட்டு போவுது, எங்க மூஞ்சில சாம்பல் கொட்டுது, அதுக்கே பில்லு கட்டுனவங்க நாங்க. எங்க கரண்ட்டுக்குக் கட்ட மாட்டமா? வீட்டு வரி பாக்கி இல்லாத வார்டு எதுன்னு ரிஜிஸ்தர எடுத்துப் பாருங்க தலைவரே. உங்க வார்டு இல்ல."

வெளியே மழை விட்டிருந்தது. சாலை முழுக்கக் கண்டெய்னர் லாரிகள் துறைமுகம் வரைக்கும் வரிசை கட்டி நின்றன. பெண்கள் மரியம் அக்காவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டு ஓரத்தில் சிவந்தி தனியாக நின்றாள். அவள் புருஷன் பைக்கை உதைத்துக் கிளப்பி, வீட்டுப் பக்கம் வந்து பார், காலை உடைக்கிறேன் என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான். பிள்ளை பால்வாடியில் இருக்கிறது, கையில் பஸ்ஸுக்குக்கூடக் காசில்லை. அவள் அழவில்லை. அடுத்தது என்ன செய்வது என்று தெரியாத முகம்.

ரமாபாய் அவள் கையைப் பிடித்தாள். "வா. பால்வாடி போயி புள்ளைய தூக்கிகினு நம்ம வூட்டுக்குப் போவலாம்."

குணசேகரன் குறுக்கே வந்து நின்றான். முகம் கறுத்திருந்தது. "என் பொழப்புல மண்ண வாரிப் போட்ட. டிப்பர் டியூ எவன் கட்டுவான்?"

"காண்ட்ராக்ட்டு இல்லாங்காட்டி மணல் ஓட்டு, செங்கல் ஓட்டு. நானும் தெக்கிறேன். கட்டலாம். முடியலன்னா வித்துடு."

"வாய் நீண்டுபோச்சு உனுக்கு. இவள இஸ்துகினு என் வூட்டுக்கு வந்துடாத. சொல்லிட்டேன். என் வூட்ல எடம் கெடையாது."

பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ரமாபாய் ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தாள். கோபம் வருமென்றுதான் அவளே நினைத்தாள், வரவில்லை. பதின்மூன்று வருஷம் கூட வாழ்ந்தவன் ஒரு தாளைக்கூடப் படித்துப் பார்த்ததில்லையே என்று பரிதாபமாகத்தான் இருந்தது.

"உன் வூடா? வாரியத்துல பொம்பள பேர்லதான்ய்யா அலாட்மெண்ட்டு குடுத்துகீறாங்க. பொட்டியில ஆர்டரு கீது, போயி ஒருவாட்டி படி. என் பேருதான் போட்டுகீது."

அவள் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"நாங்க புள்ளைய கூட்டிகினு வர்றோம். நீ மின்னாடி போயி கதவத் தொறந்து ஒல வெய்யி. நாலு பேருக்கு."